ஆள் வராமல் திரும்பிய டோக்கன்

கயத்தாறில் கட்டிக்கொடுத்த என் தங்கையின் மகன் காதர், இப்போது நான் வேலை பார்த்ததைப் போன்ற ஒரு சின்னப் பயணக் கப்பலில் மாலுமி. போன மாதம் தென் அமெரிக்காவின் தெற்கு முனையிலிருந்து போன் செய்தான்.

"மாமா, டோக்கன் போர்டைக் கழத்திட்டாங்க. இப்பம் எல்லாம் கார்டுதான். கதவுகிட்ட காட்டுனா டிங்குங்குது. ஆளு போட்டோ ஸ்கிரீன்ல வந்துருது."

"அடுத்தவன் கார்டை இவன் காட்டுனா?"

"மூஞ்சியப் பாத்துத்தான் மாமா விடுதோம்."

நல்லது என்றேன். போனை வைத்த பிறகு அன்றைக்கு எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. ரிட்டயர் ஆனவனுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. கோவில்பட்டி பஜாரில் தம்பியின் பாத்திரக் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குக்கருக்கு கேஸ்கட் கேட்டு வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவேன். அன்று அதுவும் பேசவில்லை. ஒரு மரப்பலகை போனதற்கு இப்படி வருத்தப்படுவானா ஒருவன் என்று தம்பி கேட்டான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் குடம்தான் ஞாபகம் வரும், கடல் வராது. கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றபோது அத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, நமக்கும் கடலுக்கும் என்னல சம்பந்தம்? இங்கன மழை பெஞ்சாலே நாலு பேரு வேடிக்கை பாக்க வெளிய வாரான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் போனேன். பயிற்சி, சான்றிதழ், ஏஜெண்டு வாசலில் காத்துக்கிடந்தது, சரக்குக் கப்பல்களில் துரு சுரண்டியது எல்லாம் சேர்ந்து இளமையில் ஒரு பெரிய துண்டைத் தின்றுவிட்டன. அதில் சொல்ல ஒன்றுமில்லை. துரு எல்லாக் கப்பலிலும் ஒரே நிறம்தான்.

பிறகுதான் அந்தச் சின்னக் கப்பல் கிடைத்தது. பயணக் கப்பல் என்றதும் ஊரில் எல்லாரும் நீச்சல் குளமும் ஆட்டமும் பாட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கப்பலில் அந்தக் கூத்தெல்லாம் இல்லை. நூறு பேர்கூட ஏற மாட்டார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள், கழுத்தில் பைனாகுலர் மாட்டியவர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒலிபெருக்கியில் "வலது பக்கம் திமிங்கலம்" என்று சொன்னால் போதும், சூப்பை அப்படியே போட்டுவிட்டு மேல்தளத்துக்கு ஓடுவார்கள். எழுபது வயதுக்காரர் செருப்பில்லாமல் ஓடி நான் பார்த்திருக்கிறேன். பனிமலையும் பறவைத் தீவுகளும் பார்ப்பதற்கென்றே ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிற ஜனம். அவர்களை எனக்குப் பிடித்துப்போனது.

தெற்கே அந்தத் தீவுகளில் கால் வைக்கும் முன் ஒரு சடங்கு உண்டு. வெளியூர் விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக் கூடாது. ஆகையால் பயணி, மாலுமி என்று பேதமில்லாமல் எல்லாருடைய பையும் சட்டைப் பையும் காலுறையும் வேக்குவம் போட்டு உறிஞ்சப்படும். பூட்ஸ் அடியை ஊசி வைத்துக் குத்திக் குத்திச் சுத்தம் செய்து, மருந்துத் தண்ணீரில் முக்க வேண்டும். ஒருமுறை விடுமுறை முடிந்து நான் திரும்பியபோது, என் கால்சட்டை மடிப்பிலிருந்து எங்கள் ஊர் நாயுருவி விதை ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். அதைக் கண்ணாடித்தாள் பையில் போட்டு ஒட்டி, எல்லாரும் பார்க்கச் சுவரில் குத்தி வைத்தார்கள். பயணிகள் வந்து என் ஊரைப் பற்றி விசாரித்தார்கள். கரிசல் மண் மழைக்குக் காலைப் பிடித்து இழுக்கும், வெயிலுக்கு வெடித்துக் கிடக்கும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பென்குவின் பார்க்க வந்த கூட்டம் அரை மணி நேரம் கோவில்பட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இனி போர்டுக்கு வருகிறேன். கப்பலின் விலாவில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு உண்டு. கரைக்கு ஆளைக் கொண்டுபோகும் ரப்பர் போட்டுகள் அங்கேதான் வந்து அணையும். அந்தக் கதவுக்கு உள்பக்கச் சுவரில் போர்டு தொங்கும். பயணி ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு டோக்கன். டோக்கனின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. கப்பலை விட்டு இறங்கும்போது சிவப்புக்குத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். திரும்பி ஏறியதும் பச்சை. போர்டு முழுக்கப் பச்சையானால் தீவில் ஒருவரும் இல்லை என்று பொருள். நங்கூரம் தூக்கலாம். அவ்வளவுதான் விஷயம். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

கதவுக்கு அதிகாரி எங்கள் போசன், அதாவது மாலுமிகளின் தலைவர், இருதயராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். கப்பலில் தமிழ் பேச எனக்கு இருந்த ஒரே ஆள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கடுங்காப்பி குடிப்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தாரென்றால் நாங்கள் எல்லாம் எதையோ தேடுவது போல் குனிந்துகொள்வோம். கட்டியிருக்கும் கயிற்றைக் கண்ணால் பார்த்து நம்ப மாட்டார். ஒவ்வொன்றையும் கையால் ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

பயணிகளைப் போட்டில் இறக்குவதற்கு அவர் கற்றுத் தந்த பிடி ஒன்று உண்டு. கை குலுக்குவது போல் விரலைப் பிடிக்கக் கூடாது. அவர் மணிக்கட்டை நாம், நம் மணிக்கட்டை அவர். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். பயணிகளுக்கும் முதல் நாளே அதைச் சொல்லிக் கொடுப்பார். கூடவே இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, டோக்கனை அவரவர் கையால்தான் திருப்ப வேண்டும். இரண்டு, கரையில் வழி தவறினால் அலையக் கூடாது, இறங்கிய இடத்துக்கு வந்து நில்லுங்கள், நாங்கள் வருவோம்.

ஒரு பயணத்தில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மார்கரெட் அம்மாள் பறவைகளைப் பென்சிலால் வரைகிறவர். கணவர் ஹ்யூ பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்தவர், தங்கமான மனிதர். மனைவியின் லைஃப் ஜாக்கெட் வாரை அவர்தான் இழுத்து மாட்டுவார். பையையும் அவரே சுமப்பார். "மேடத்துக்கு டீயா காபியா?" என்று கேட்டால் அவர்தான் பதில் சொல்வார். போர்டுக்கு முன்னால் வந்தால் இரண்டு கையாலும் இரண்டு டோக்கனையும் ஒரே சமயத்தில் திருப்புவார். அண்ணாச்சி முதல் நாளே தடுத்தார். ஹ்யூ சிரித்து, மன்னிப்புக் கேட்டு, மறுநாளும் அதையே செய்தார். அண்ணாச்சி மறுபடி சொன்னார். அவர் மறுபடி மன்னிப்புக் கேட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டில் விளக்கை அணைக்கிறவர் கை சுவிட்சுக்குத் தானாகப் போவது போல் அவர் கை போய்விடும்.

அன்று இறங்கியது அல்பட்ராஸ் கூடு கட்டும் தீவு. வாத்து மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனால் ஆட்டுக்குட்டி அளவுக்குக் குஞ்சு உட்கார்ந்திருக்கும். காலையில் காற்றே இல்லை. மதியத்துக்கு மேல் மேற்கே வானம் ஈயப் பாத்திரம் போல ஆனது. காற்று வருகிறது, எல்லாரையும் உடனே ஏற்றுங்கள் என்று மேலிருந்து கேப்டன் சொன்னார். நானும் இன்னொருவனும் ஆளுக்கொரு போட்டில் கரைக்கும் கப்பலுக்குமாக ஓடினோம். நங்கூரம் பிடிக்காமல் இழுபடுகிறது என்று அண்ணாச்சியை முன்பக்கம் கூப்பிட்டுவிட்டார்கள். கதவில் ஒரே நெரிசல். நனைந்தவர்கள், நடுங்குகிறவர்கள், கண்ணாடியைத் துடைக்கிறவர்கள். எல்லாரும் போர்டைத் திருப்பிவிட்டு உள்ளே போனால் போதும் என்று இருந்தார்கள். கரையில் கடைசியாக நின்ற வழிகாட்டிகள் வாக்கி டாக்கியில் கேட்டார்கள். போர்டு முழுக்கப் பச்சை என்று கதவிலிருந்து பதில் போனது. அவர்களும் ஏறி வந்துவிட்டார்கள். போட்டுகளைக் கிரேனில் தூக்கிக் கட்டினோம். நங்கூரம் ஏறியது. கப்பல் மெல்லத் திரும்பியது.

நான் கதவுப் பக்கம் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஹ்யூ வந்தார். காலுறையோடு நின்றார்.

"அவளுடைய பூட்ஸ் கொக்கியில் இல்லையே" என்றார்.

அறையில் இருப்பார்கள் என்றேன். அறையில் இல்லை, நூலகத்தில் இல்லை, மேல்தளத்திலும் இல்லை என்றார். குளிருகிறது என்று முந்தின போட்டில் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்களாம், அதை நம்பி ஏறி வந்திருக்கிறார். நான் போர்டைப் பார்த்தேன். மார்கரெட் அம்மாளின் எண் பச்சையாக இருந்தது.

"இதைத் திருப்பியது யார்?"

அவர் போர்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "நான்தான்," என்றார். "எப்போதும் நான்தான்."

அந்த மனிதரின் முகம் இப்போதும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. ரத்தம் முழுக்க வடிந்துபோன முகம். நான் மேலே சொல்லி, கேப்டன் கப்பலைத் திருப்பினார். அதற்குள் கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துவிட்டது. அந்தக் காற்றில் போட்டு இறக்குவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. இறக்கினால் போட்டில் போகிறவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இறக்காவிட்டால் காற்று அடங்கும் வரை ஒரு வயதான அம்மாள் பனித்தீவில் தனியாக, போர்வைகூட இல்லாமல் கிடக்க வேண்டும். காற்று எப்போது அடங்கும் என்று யாருக்கும் தெரியாது. இறக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன் என்று கேப்டன் சொன்னார்.

அண்ணாச்சி முன்பக்கத்திலிருந்து வந்தார். போர்டின் முன்னால் நின்று விஷயத்தைக் கேட்டார். ஹ்யூவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, மிக மெதுவாகக் கேட்டார்.

"நான் போறேன். கயிறு பிடிக்க ஒரு ஆளு வேணும். வாரியால?"

"வாரேன் அண்ணாச்சி."

"பொண்டாட்டி பிள்ளை இருக்கு ஒனக்கு. யோசிச்சுச் சொல்லு."

"ஒங்களுக்கும்தான இருக்கு."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பிஸ்மி சொன்னேன். போட்டை இறக்கினார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றி வீரம் பேச எனக்கு வராது. நான் பயந்தேன். அலை போட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தண்ணீர் முகத்தில் ஊசியாகக் குத்தியது. என் பெண்கள் இரண்டு பேர் முகமும் மாறி மாறி வந்தன. அண்ணாச்சி மட்டும் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வோர் அலைக்கும் எஞ்சினைக் கூட்டிக் குறைத்து, வண்டிமாட்டிடம் பேசுவது போல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "வாறான் பாரு ஒருத்தன். வரட்டும். போகட்டும். இப்பம் போவோம்."

மார்கரெட் அம்மாள் இறங்கிய இடத்தில்தான் நின்றார். ஓடவில்லை, அழவில்லை, கத்தவில்லை. கயத்தாறு விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல், பையை மார்போடு அணைத்து நின்றார். புல்மேட்டுக்குப் பின்னால் ஒரு குஞ்சை வரைந்துகொண்டிருந்தாராம். காற்றில் யார் கூப்பிட்டதும் கேட்கவில்லை. எழுந்து வந்து பார்த்தால் கரையில் ஆள் இல்லை. அண்ணாச்சி முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்து, வந்து நின்றுவிட்டார்.

போட்டைக் கரையோடு சேர்க்க முடியவில்லை. நான் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தேன். குளிர் என்று சொன்னால் போதாது. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நான் கையை நீட்டினேன். அவர் விரலைப் பிடிக்கவில்லை. சொல்லிக் கொடுத்தபடி என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படியே தூக்கிப் போட்டில் போட்டேன்.  பாதி தூரத்தில் என் காதருகே குனிந்து கேட்டார்.

"கப்பல் கிளம்பியதைப் பார்த்தேன். என்னை யாரும் தேடவில்லையா?"

"போர்டில் நீங்கள் ஏறிவிட்டதாக இருந்தது அம்மா."

அவருக்குப் புரிந்துவிட்டது. எப்படி என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

கதவில் ஹ்யூ காத்திருந்தார். அம்மாளை ஏற்றியதும், கம்பளியைப் போர்த்த வந்தவர்களை அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். போர்டுக்குப் போனார். பச்சையாக இருந்த டோக்கனைச் சிவப்புக்குத் திருப்பினார். "இப்ப நீங்க திருப்புங்க அம்மா" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். அந்த நேரத்தில் பாருங்கள், ஹ்யூவின் கை தானாக எழுந்து போர்டை நோக்கிப் போனது. அண்ணாச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை. விழப் போகிறவரைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டார். அம்மாள் தன் கையால் டோக்கனைப் பச்சைக்குத் திருப்பினார். அதன் பிறகுதான் அழுதார். ஹ்யூவும் அழுதார். நானும் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

கடுங்காப்பி குடிக்கும்போது நான் அண்ணாச்சியிடம் ஹ்யூவை ஏசினேன். படித்துப் படித்துச் சொன்னீர்களே, கேட்டாரா மனுஷன் என்று.

"ஏசாதல," என்றார். "பாசத்துல செஞ்சாரு. பாசம் கண்ண மறைச்சிரும். அவிய ரெண்டு பேரும் ஒண்ணுன்னே நெனச்சு வாழ்ந்துட்டாரு. டோக்கன் ரெண்டுல்லா."

அடுத்த துறைமுகத்தில் வீட்டுக்குப் போன் போட்டேன். வருடத்தில் பாதிக்கு மேல் எனக்குக் கடல்தான். பிள்ளைகளைப் படிக்க வைத்தது, வீடு கட்டியது, அத்தாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது எல்லாம் என் மனைவி நூர்ஜஹான். நடந்தது முழுவதையும் அவளிடம் சொன்னேன். நான் தண்ணீரில் குதித்ததைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"சளி கூடப் பிடிக்கல."

 லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இருக்கியா?"

"இருக்கேன். நானும் அதத்தான் செய்யுதேன், தெரியுமா?"

"எத?"

"ஒங்க டோக்கனத் திருப்புதது. ஒரு கல்யாணங்காச்சின்னு போனா, பொம்பளைங்க பக்கம் ஒவ்வொருத்தியும் கேக்குதா. அவிய வரலியா, அவிய வரலியான்னு. மொதல்ல எல்லாம் கப்பல்ல இருக்காவன்னு சொன்னேன். பாவமே பாவமேன்னு மூஞ்சியப் பாத்தாளுவ. பெறகு, ஆம்பளைங்க பக்கம் இருக்காவன்னு சொல்லிருதேன். தெரைக்கு அந்தப் பக்கம் யாரு எந்திரிச்சுப் போய்ப் பாக்கப் போறா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இத்தன வருசமா ஒங்கள யாரும் தேடலங்க. நீங்க இருக்கீங்கன்னே எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க. நான் மட்டுந்தான் தேடுனேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு துறைமுகத்தில் வெகுநேரம் நின்றேன். தீவில் நின்றது அந்த அம்மாள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். கோவில்பட்டியிலும் ஒருத்தி இத்தனை வருடம் அப்படித்தான் நின்றிருக்கிறாள். அந்த ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அண்ணாச்சியிடம் காரணத்தைச் சொன்னேன். பையிலிருந்த கருப்பட்டி மொத்தத்தையும் என் கையில் கொடுத்து, "போய்ச் சேருல" என்றார்.

ஊருக்கு வந்து நான் போன முதல் கல்யாணம், பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் பீர்முகமது அண்ணன் வீட்டுக் கல்யாணம். வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க! மூத்தவன் கல்யாணத்துல பாத்தது!" என்றார். அண்ணே, அப்போது நான் கடலில் இருந்தேன் என்றேன். "சும்மா இருங்க. நீங்க வந்திருந்தீங்க. எங்க வீட்டுல சொன்னாளே" என்றார். அவரிடம் வாதம் செய்து பயனில்லை என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

பச்சைத் திரை கட்டி, அந்தப் பக்கம் பெண்கள். பிரியாணி வைக்க ஆரம்பித்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் கேட்டது என் காதில் விழுந்தது.

"நூர்ஜஹான், வீட்டுக்காரவிய வரலியா?"

"ஆம்பளைங்க பக்கம் இருக்காவ."

அதே குரல். ஏற்ற இறக்கமே இல்லாமல், பல வருடம் சொல்லிப் பழகிய குரல். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. சோற்றுக் கையோடு எழுந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். திரை ஓரத்தில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இங்கனதான் இருக்கேன் நூர்ஜஹான்."

அந்தப் பக்கம் பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. திரைக்கு மிக அருகில் வந்து நின்று, "தெரியுது. போய்ச் சாப்பிடுங்க" என்றாள்.